புயலுக்குப் பேர் இருக்கு... மழைக்கு?

மார்கழி பிறந்துவிட்டால் தூத்துக்குடி டீக்கடைகளில் அரசியல் பேச்சு கொஞ்சம் பின்னுக்குப் போய்விடும். டிகிரி பேச்சு முன்னுக்கு வந்துவிடும்.

"அண்ணாச்சி, காலையில போன்ல பாத்தியளா? இருபத்தொண்ணு காட்டுது."

"எனக்கு இருபத்திரெண்டுல்லா காட்டுச்சு. நீ எந்த ஆப் வெச்சிருக்க?"

"ஆப்ப விடுங்க. நேத்து ராத்திரி ஃபேன நிறுத்திட்டுத்தான படுத்தோம், அதுதான் கணக்கு."

ஃபேனை நிறுத்தினால் குளிர்காலம். போர்வையைத் தேடினால் கடுங்குளிர். துறைமுக நகரத்தின் தட்பவெப்ப அளவுகோல் அவ்வளவுதான். ஊட்டி தலைகுந்தாவில் புல்வெளி வெள்ளை பூத்துக் கிடக்கும் போட்டோ செல்போனில் வந்து விழும்போது, இங்கே இருக்கும் வானிலை ஆர்வலர்களுக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கும். அங்கே பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்குகிறது. இங்கே 20-ஐத் தொட்டாலே அன்றைக்கு அதுதான் தலைப்புச் செய்தி.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பனி என்பதையே பார்த்திராத இந்த ஊரின் அடையாளமே பனிமய மாதா பேராலயம்தான். ரோம் நகரத்துக் குன்று ஒன்றில், கொளுத்தும் ஆகஸ்ட் மாதத்தில் பனி பொழிந்ததாகச் சொல்லும் பழைய கதையிலிருந்து வந்த பெயர் அது. அதனால்தான் இங்கேயும் திருவிழா ஆகஸ்ட் 5-ம் தேதி. தூத்துக்குடியில் வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில் 'பனி' மாதாவுக்குத் திருவிழா!

டிகிரி பேச்சு ஜாலியாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்பார். "குமரிக்கடல் பக்கம் ஏதோ சுத்துதாமே... பேர் வெச்சாச்சா?"

பேர் வைக்கவில்லை என்று பதில் வந்தால் பாதிப் பேர் நிம்மதியாக டீயைக் குடித்து முடிப்பார்கள். 2023 டிசம்பருக்கு முன்பு வரை அப்படித்தான் இருந்தது.

குளிருக்கும் புயலுக்கும் என்ன சம்பந்தம்?

தூத்துக்குடியில் ஏன் குளிர்வதில்லை என்பதற்குப் பதில் எளிது. பக்கத்தில் கடல் இருக்கிறது. பகலில் வாங்கிய வெப்பத்தைத் தரை சீக்கிரம் விட்டுவிடும். கடல் அப்படி விடாது, கஞ்சன் கையில் காசு மாதிரி பிடித்து வைத்துக்கொள்ளும். மன்னார் வளைகுடாவை ஒட்டிய ஊர்களில் இரவு வெப்பநிலை ஓர் எல்லைக்குக் கீழே இறங்காமல் நிற்பது அதனால்தான். உதகை மலைப்பகுதியில் கடலும் இல்லை, உயரமும் அதிகம். மேகமில்லாத வானம், அசையாத காற்று என்ற இரண்டும் சேர்ந்துவிட்டால் தரையின் வெப்பம் ராத்திரியோடு ராத்திரியாக மேலே போய்விடும். விடியும்போது புல்லின் மேல் உறைபனி.

இந்த இடத்தில்தான் வெறும் அரட்டை கொஞ்சம் அறிவியலாகிறது. மேகம் இல்லாத இரவு குளிரும். மேகம் மூடிய இரவு புழுங்கும். மேகம் என்பது பூமிக்குப் போட்ட கம்பளி. ஆக, மூன்று நாளாக ஃபேன் இல்லாமல் தூங்கிய ஊரில், நான்காம் நாள் இரவு சட்டென்று வியர்த்தால் மேலே ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தம். வடக்கிலிருந்து வந்த காய்ந்த வாடைக்காற்று நின்று, கிழக்கிலிருந்து ஈரத்தைச் சுமந்த கொண்டல் காற்று நுழைந்திருக்கலாம். கடல் தொழிலுக்குப் போகிறவர்கள் இதை எந்த ஆப்பும் இல்லாமல் தோலிலேயே படித்தார்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கொரு பெயரை வைத்திருந்த ஊர்கள் இவை. முத்துக்குளித்துறை என்று இந்தக் கரைக்குப் பேர் வாங்கிக் கொடுத்த தொழிலும் வானிலையை நம்பித்தான் நடந்தது. இரண்டு பருவமழைகளுக்கும் நடுவே, பங்குனி, சித்திரையில் கடல் அசையாமல் தெளிந்து நிற்கும் சில வாரங்களில்தான் முத்துப்பார்களில் இறங்க முடியும். 1961-ல் நடந்த முத்துக்குளிப்புதான் கடைசி. தொழில் நின்றுபோனாலும் காற்றைப் பார்க்கும் பழக்கம் நிற்கவில்லை.

வாடைக்காற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வட இந்தியப் பக்கமிருந்து இறங்கும் வறண்ட, குளிர்ந்த காற்று வங்கக்கடலில் இருக்கும் புயலுக்குள் புகுந்துவிட்டால், அதன் ஈரத்தை உறிஞ்சி மெலிய வைத்துவிடும். டிசம்பரில் உருவாகும் பல புயல்கள் கரையை நெருங்கும்போதே 'புஸ்' ஆகிவிடுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். குளிர் நல்லா இருக்கு, புயல் வராது என்று பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிதான் ஆபத்து.

குளிர்காலம் முதிர முதிர, மழை தரும் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதிகளின் பாதை தெற்கே இறங்கும். அக்டோபர், நவம்பரில் ஆந்திராவையும் சென்னையையும் குறிவைத்தவை, டிசம்பரில் டெல்டா, இலங்கை, குமரிக்கடல் என்று இறங்கி வரும். சென்னைக்காரர் குடையை மடக்கி வைக்கும் நேரத்தில் தூத்துக்குடிக்காரர் குடையை எடுக்க வேண்டும். தனுஷ்கோடியை அழித்த புயல் கரையைக் கடந்ததும் 1964 டிசம்பர் 22-ம் தேதி இரவில்தான். பாம்பனிலிருந்து கிளம்பிய ரயில், பயணிகளோடு கடலில் போனது அந்த ராத்திரி. 'டிசம்பர் கடைசி ஆயிடுச்சு, இனிமே என்ன மழை?' என்று இந்தக் கரையில் யாரும் சொல்லிவிட முடியாது.

கூண்டு என்ன சொல்கிறது?

புயல் என்றதும் தூத்துக்குடியில் முதலில் தேடப்படுவது வ.உ.சி. துறைமுகத்தின் எச்சரிக்கைக் கூண்டைத்தான். டிவியில் 'ஒன்றாம் எண் கூண்டு', 'மூன்றாம் எண் கூண்டு' என்று சொல்வதை எல்லோரும் கேட்டிருப்போம். கம்பத்தில் பகலில் கூம்பு, உருளை வடிவங்களிலும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளாகவும் ஏற்றப்படும் குறியீடுகள் அவை. மொத்தம் 11.

ஒன்றும் இரண்டும் தூரத்தில் இருக்கும் ஆபத்துக்கு. கடலில் எங்கோ ஒரு தாழ்வு மண்டலமோ புயலோ இருக்கிறது, துறைமுகத்துக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை, கப்பல்கள் மட்டும் கவனமாகப் போகட்டும் என்று பொருள். மூன்றும் நான்கும் உள்ளூர் எச்சரிக்கை. ஐந்து, ஆறு, ஏழு வந்தால் அபாயம். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரையைக் கடக்கும் என்பதைப் பொறுத்து எண் மாறும். ஏழு என்றால் நேராகவோ மிக அருகிலோ கடக்கும். எட்டு, ஒன்பது, பத்து என்பவை கடும்புயலுக்கு. பதினொன்று வந்தால் வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று புரிந்துகொள்ள வேண்டும்.

இந்தப் பட்டியலைப் படித்தால் ஒரு விஷயம் தெரியும். இதில் எங்கேயும் எவ்வளவு மழை பெய்யும் என்பது இல்லை. கூண்டு என்பது கப்பலுக்குச் சொல்லும் சேதி. கப்பலைக் கவிழ்ப்பது காற்று. எனவே கூண்டு காற்றைப் பற்றிப் பேசுகிறது.

பெயரும் அப்படித்தான். நம் கடல் பகுதியில் புயல்களுக்குப் பெயர் சூட்டும் வழக்கம் 2004-ல்தான் வந்தது. ஒரு காற்றழுத்த மண்டலத்துக்குப் பெயர் கிடைக்க வேண்டுமானால் அதன் காற்று மணிக்கு 62 கிலோமீட்டர் வேகத்தைத் தொட வேண்டும். 50 கிலோமீட்டரில் சுற்றிக்கொண்டு ஒரு மாவட்டத்தையே மூழ்கடித்தாலும் அதற்குப் பெயர் கிடையாது. பரீட்சையில் காற்றுக்கு மட்டும்தான் மார்க், மழைக்கு மார்க் இல்லை.

வந்தும் வராத புரெவி

2020 டிசம்பரில் வந்த புரெவிக்குப் பெயர் இருந்தது. மாலத்தீவு கொடுத்த பெயர். டிசம்பர் 2-ம் தேதி இரவு இலங்கையில் திரிகோணமலைக்கு வடக்கே கரை ஏறி, அந்தத் தீவைத் தாண்டி மன்னார் வளைகுடாவுக்குள் வந்தது. அடுத்த நிறுத்தம் பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவே எங்காவது இருக்கும் என்றார்கள். தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரி, விருதுநகர், ராமநாதபுரம் ஆகிய ஆறு மாவட்டங்களுக்கு டிசம்பர் 4-ம் தேதி பொது விடுமுறை விட்டார்கள். படகுகள் கரையேறின. மெழுகுவத்தி, பிஸ்கட், பால் பவுடர் எல்லாம் வாங்கி வைத்தாகிவிட்டது.

புரெவி மன்னார் வளைகுடாவில், ராமநாதபுரம் கரைக்கு அருகே வந்து நின்றது. நின்றது என்றால் நகராமல் நின்றது. அப்படியே வலுவிழந்து காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகிக் கரைந்தும் போனது. அது நின்ற இடத்திலிருந்து வெகு தூரம் வடக்கே, கொள்ளிடத்தில் 36 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சிதம்பரம் கோயிலுக்குள் தண்ணீர் புகுந்தது. தயாராக இருந்த தூத்துக்குடி, ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.

அதன் பிறகு டீக்கடையில் வானிலை ஆர்வலர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. "என்னல, ஒம் புயல் எங்க?" என்று கேட்காத ஆள் இல்லை. "இலங்கை நமக்குச் சுவரு மாதிரி, அதத் தாண்டி ஒண்ணும் வராது" என்ற பழைய நம்பிக்கைக்கு இன்னொரு கோட் பெயின்ட் அடித்தாகிவிட்டது. அந்த நம்பிக்கையிலும் பாதி உண்மை இருக்கிறது. வங்கக்கடலிலிருந்து வரும் புயல்களின் வேகத்தை இலங்கை பலமுறை குறைத்திருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் சேர்த்தே சுமார் 65 சென்டிமீட்டர் மழைதான். உப்பு விளைவதற்குத் தோதான ஊர் என்றால் மழை குறைவான ஊர் என்றுதானே அர்த்தம்!

மார்கழி முதல் நாள்

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி முதல் நாள். இரண்டு வாரத்துக்கு முன் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்திருந்தது. தமிழ்நாட்டின் கவனமெல்லாம் இன்னும் அங்கேதான். தெற்கே குமரிக்கடல் பகுதியில் இருந்ததோ புயல் இல்லை. தாழ்வு மண்டலம்கூட இல்லை. வானிலை அறிக்கையில் அடிக்கடி கேட்டு, காது பழகிப்போன ஒரு சொல்: 'வளிமண்டல மேலடுக்கு சுழற்சி'.

அந்தச் சுழற்சி நகரவில்லை. கிழக்கிலிருந்து ஈரக்காற்றை இழுத்து இழுத்து ஒரே இடத்தில் குவித்துக்கொண்டே இருந்தது. மேற்கே மலை மறித்து நிற்கிறது. கொண்டு வந்த தண்ணீரையெல்லாம் தாமிரபரணி பாயும் நிலத்தின் மேல் இறக்கியது. மறுநாள் காலை எட்டரை மணிக்கு மழைமானிகளைப் பார்த்தவர்கள் இரண்டு தடவை படித்திருப்பார்கள். 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69. ஸ்ரீவைகுண்டத்தில் 62.

எண்ணாகச் சொன்னால் மனதில் ஏறாது. 5 சென்ட் மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன்மேல் 95 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் ஏறக்குறைய 1,92,000 லிட்டர். தெருவில் வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 16 லாரி. ஒவ்வொரு ஐந்து சென்டிலும், பக்கத்து வீட்டிலும், எதிர் வீட்டிலும், வயலிலும், ரோட்டிலும், ஒரே நாளில் 16 லாரித் தண்ணீர். தமிழ்நாடு முழுமைக்குமான ஆண்டு சராசரி மழையே ஏறக்குறைய 92 சென்டிமீட்டர்தான்.

அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துச் செல்லப்பட்டிருந்தன. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. நிறுத்தாமல் அனுப்பியிருந்தால் 1964-ஐப் போலவே இன்னொரு ரயில் கதையைப் பேச வேண்டியிருந்திருக்கும். சுமார் 800 பயணிகள். சிலரைப் பக்கத்துப் பள்ளிக்குக் கொண்டு போனார்கள். மற்றவர்கள் சுற்றிலும் தண்ணீர் சூழ்ந்த ரயில் நிலையத்திலேயே மாட்டிக்கொண்டார்கள். பக்கத்துக் கிராமத்து மக்கள் தங்கள் வீட்டு வெள்ளத்துக்கு நடுவிலும் சமைத்துக் கொடுத்தார்கள். ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் வந்தது. எல்லோரும் வெளியேற 19-ம் தேதி ஆனது.

ஏரலில் வெள்ளம் கடைவீதிக்குள் புகுந்தது. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகரத்தின் பக்கம் திரும்பியது. உப்பளங்களில் குவித்து வைத்திருந்த உப்பு அம்பாரங்கள் வந்த தண்ணீரோடு கரைந்து போயின. கடலில் மட்டுமே ஓடிப் பழகிய படகுகளை மீனவர்கள் ஊருக்குள் கொண்டுவந்து மக்களை மீட்டார்கள். தென் மாவட்டங்களில் 30-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

இத்தனையும் செய்துவிட்டுப் போனதற்குப் பெயர் இல்லை. இன்றைக்கும் 'அந்த டிசம்பர் மழை' என்றுதான் சொல்கிறார்கள்.

தரை உண்டு, கூரை இல்லை

பிறகு வாக்குவாதம் வந்தது. இவ்வளவு பெய்யும் என்று வானிலை மையம் சரியாகச் சொல்லவில்லை என்றது மாநில அரசு. 12-ம் தேதியே எச்சரித்தாகிவிட்டது என்றது மத்திய அரசு. இரண்டு தரப்பும் பேசியது ஒரே எச்சரிக்கையைப் பற்றித்தான். ஆனால் அந்த எச்சரிக்கையில் இருக்கும் சொற்களைச் சாதாரண மக்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்ற கேள்வி நடுவில் தொலைந்துபோனது.

வானிலை அறிக்கையில் மூன்று சொற்கள் வரும். ஒரு நாளில் சுமார் ஆறரை சென்டிமீட்டருக்கு மேல் பெய்தால் 'கனமழை'. பதினொன்றரையைத் தாண்டினால் 'மிக கனமழை'. இருபதரையை நெருங்கிவிட்டால் 'அதி கனமழை'. அதற்குத்தான் ரெட் அலர்ட்.

அதற்கு மேல்? அதற்கு மேல் சொல்லே இல்லை. 21 சென்டிமீட்டர் பெய்தாலும் அதி கனமழை. 95 பெய்தாலும் அதி கனமழை. தரை உண்டு, கூரை இல்லை. முன்பு ரெட் அலர்ட் விட்ட நாளில் 5 சென்டிமீட்டரோடு போய்விட்ட அனுபவம்தான் பலருக்கும் இருக்கிறது. 'ரெட் அலர்ட்னா இவ்வளவுதான்' என்று மனசு ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கும். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பலர் படுக்கப் போனார்கள்.

எவ்வளவு பெய்யும் என்று ஊர் வாரியாகத் துல்லியமாகச் சொல்வது உலகில் எங்குமே கடினம். ஒரு சுழற்சி நகருமா, நிற்குமா என்பதே பல நேரங்களில் கடைசி நேரத்தில்தான் தெளிவாகும். அது 30 கிலோமீட்டர் தள்ளி நின்றிருந்தால் 95 சென்டிமீட்டர் கடலில் விழுந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்தே இருக்காது. தென்கோடிக்கு ரேடார் வசதி குறைவு என்ற குறையும் அப்போது பேசப்பட்டது. ராமநாதபுரத்திலும் ஏற்காட்டிலும் ரேடார் அமைக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அதன்பின் அறிவித்தது.

ஆர்வலர்கள் எங்கே வருகிறார்கள்?

ஒரு காலத்தில் மழை என்றால் ரமணன் சார். சென்னை வானிலை மையத்திலிருந்து அவர் டிவியில் தோன்றினாலே பள்ளிக்கூடப் பிள்ளைகள் லீவுக்கு வேண்டிக்கொள்வார்கள். 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. 'தமிழ்நாடு வெதர்மேன்' என்று அறியப்படும் பிரதீப் ஜானைப் போன்ற ஆர்வலர்கள், அதிகாரபூர்வ அறிக்கையின் மொழியை வீட்டு மொழிக்கு இறக்கிக் கொண்டு வந்தார்கள். ரேடார் படத்தை எப்படிப் பார்ப்பது, 'டிரை ஏர்' என்றால் என்ன என்பதெல்லாம் தமிழ்நாட்டின் சாப்பாட்டு மேஜைப் பேச்சானது அவர்களால்தான். மொட்டை மாடியில் மழைமானி வைத்து, தினமும் காலை எட்டரைக்கு அளந்து குறிக்கும் கல்லூரி மாணவர்கள் இன்று எத்தனையோ ஊர்களில் இருக்கிறார்கள்.

இவர்களின் பலம் ஆர்வம். பலவீனமும் அதுவே. ஒரு கம்ப்யூட்டர் மாடல் பத்து நாள் கழித்து ஒரு பெரிய புயலைக் காட்டினால், அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடாமல் சிலருக்குத் தூக்கம் வராது. பத்து நாள் கணிப்பு என்பது பெண் பார்க்கப் போகும் முன்பே கல்யாண மண்டபம் புக் செய்வது மாதிரி. மாடல் மறுநாளே மனதை மாற்றிக்கொள்ளும். ஆனால் ஸ்க்ரீன்ஷாட் மாறாது. தேதி வெட்டப்பட்டு, ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டே இருக்கும். நாலு தடவை பயந்து ஏமாந்தவர், ஐந்தாவது தடவை உண்மையான எச்சரிக்கை வரும்போது அசையமாட்டார்.

நல்ல ஆர்வலர்கள் செய்வது வேறு. தெரிந்ததைச் சொல்வார்கள், இன்னும் தெளிவாகாததையும் 'தெளிவாகவில்லை' என்று சொல்வார்கள், முடிவெடுக்க வானிலை மையத்தின் அறிக்கையைப் பாருங்கள் என்று அனுப்பிவைப்பார்கள். காரணம் இருக்கிறது. 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்து சில மணி நேரத்தில் புயலாக மாறியது. அப்போது குமரி மாவட்டத்து மீனவர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். கரைக்குத் தெரிந்தது கடலுக்குப் போய்ச் சேரவில்லை. போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. எச்சரிக்கை என்பது லைக் வாங்கும் சமாச்சாரம் இல்லை என்று இந்தக் கரைக்குத் தெரியும்.

அறிக்கையைக் கேட்கும்போது கேட்க வேண்டியவை

அடுத்த முறை 'குமரிக்கடலில் ஏதோ சுத்துது' என்று கேள்விப்பட்டால், 'பேர் வெச்சாச்சா?' என்பதை விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக இந்த நான்கையும் கேளுங்கள்.

*நகருதா, நிக்குதா?* வேகமாக நகரும் புயல் காற்றால் அடித்துவிட்டுப் போய்விடும். நகராமல் நிற்கும் சுழற்சி, பெயரில்லாததாக இருந்தாலும், கொட்டிக்கொண்டே இருக்கும்.

*மலையில் எவ்வளவு?* தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்குத் தங்கள் ஊர் மழை மட்டும் கணக்கு இல்லை. மாஞ்சோலையிலும் பாபநாசத்திலும் மணிமுத்தாற்றிலும் பெய்வது சில மணி நேரம் கழித்து வாசலுக்கு வரும். இங்கே மழை விட்டுவிட்டது என்பதால் ஆபத்து விட்டுவிட்டதாக அர்த்தமில்லை.

*நம்ம தெருத் தண்ணி எங்க போகும்?* பக்கத்தில் இருக்கும் குளம் எது, அதன் மறுகால் எந்தப் பக்கம், நடுவில் எந்த ஓடை அடைபட்டிருக்கிறது? இதை எந்த சாட்டிலைட்டும் சொல்லாது. தெருவில் இருக்கும் பெரியவரிடம் கேட்டால் தெரியும். கோடையிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

*இந்தத் தகவலுக்குத் தேதி, நேரம் இருக்கா?* இல்லையென்றால் யாருக்கும் அனுப்பாதீர்கள். சந்தேகம் இருந்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070 என்ற எண்கள் இருக்கின்றன.

இவற்றோடு ஒரு சின்ன வீட்டு வேலை. மொட்டை மாடியில் நேராக நிற்கும் ஒரு வாளி, ஒரு ஸ்கேல். சரிவில்லாத, அடியும் வாயும் ஒரே அகலமுள்ள பாத்திரமாக இருந்தால் போதும், அதில் நிற்கும் தண்ணீரின் உயரம்தான் மழையின் அளவு. பிள்ளைகளைத் தினமும் காலை எட்டரை மணிக்கு அளந்து காலண்டரில் எழுதச் சொல்லுங்கள். ஒரு பருவமழை முழுக்க எழுதினால், '7 சென்டிமீட்டர்' என்றால் தெருவில் எவ்வளவு நிற்கும், '12' என்றால் எந்தப் படி வரை வரும் என்பது வீட்டுக்கே தெரிந்துவிடும். பிறகு 'அதி கனமழை' என்ற சொல் டிவியில் வரும்போது அது வெறும் சொல்லாக இருக்காது. '20-க்கும் மேல'ன்னா நம்ம வீட்டுக்கு என்ன ஆகும் என்று அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து கணக்குப் போடுவார்கள்.

தூத்துக்குடி டீக்கடைகளில் மார்கழிப் பேச்சு இன்னும் அப்படியேதான் தொடங்குகிறது. இருபத்தொண்ணா, இருபத்திரெண்டா? ஊட்டியில எவ்வளவு? ஃபேன் ஓடிச்சா, ஓடலையா? சிரிப்பு, கிண்டல், ரெண்டாவது டீ.

ஆனால் புழுக்கமான ஒரு ராத்திரிக்கு மறுநாள் காலையில் மட்டும் பேச்சு கொஞ்சம் மாறும்.

"அண்ணாச்சி, நேத்து நல்லா வேர்த்துச்சு. காத்து கொண்டலுக்கு மாறிட்டோ?"

"ம்ம். மாஞ்சோலைல மழை எவ்வளவுன்னு பாரு, தம்பி."